ஒரு நோயாளியின் சொல்லைக் காது கொடுத்துக் கேட்ட மருத்துவர்

(ஆதரவாளர்கள் கூடுகையில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



  என்னை அழைத்தவர்கள் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்கள். "ஏதாவது ஒரு நோயைப் பற்றிப் பேசுங்கள், ஆனால் எங்களுக்குப் புரியும்படி பேசுங்கள்" என்றார்கள். டாக்டர்களுக்கு அது கடினமான காரியம். முயற்சி செய்கிறேன்.

மரத்துப்போன பாதம் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தொழுநோய் மருத்துவமனைகளை ஆண்டாண்டாகத் தாங்கி வந்தவர்கள் நீங்கள். 1940களின் பிற்பகுதியில் வேலூரில் பணியைத் தொடங்கிய டாக்டர் பால் பிராண்ட் கண்டறிந்து சொன்னதும் உங்களுக்குத் தெரியும். தொழுநோயாளியின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. வலி தெரியாததால் சுட்டுக்கொள்கிறார், முள் குத்தினாலும் நடக்கிறார், காயம் புரையோடுகிறது. வலி என்பது காவல்காரன் என்பதை அவரிடமிருந்துதான் நாங்கள் கற்றோம்.

இன்று நான் சொல்லப்போவதும் மரத்துப்போன பாதத்தில் தொடங்கும் ஒரு நோய்தான். ஆனால் அது தொழுநோய் அல்ல. கிருமியால் வருவதும் அல்ல. அதன் பெயர் அமிலாய்டோசிஸ். அதைக் கண்டறிந்த வரலாறு இங்கே அல்ல, வெகு தூரத்தில், போர்ச்சுகல் நாட்டில் தொடங்குகிறது.

போர்ட்டோ நகரில், 1939ல்

போர்ட்டோ நகரில் சாந்தோ அந்தோனியோ என்னும் பழைய மருத்துவமனை இருக்கிறது. 1939ஆம் ஆண்டில் அங்கே கொரினோ டி அன்ட்ராடே என்ற நரம்பு மருத்துவர் பணியாற்றிக்கொண்டிருந்தார். 1906ல் பிறந்தவர், அப்போது அவருக்கு முப்பத்து மூன்று வயது. பிரான்சில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் நரம்பியல் பயின்றவர். பெரிய நகரங்களில் பேரும் புகழும் தேடியிருக்கலாம். சொந்த நாட்டுக்குத் திரும்பி, நரம்பு நோயாளிகளுக்கென்று ஒரு பிரிவைக் கட்டியெழுப்பும் வேலையில் இறங்கியிருந்தார்.

அவரிடம் முப்பத்தேழு வயதுப் பெண் ஒருவர் வந்தார். போர்ட்டோவுக்கு வடக்கே கடற்கரையில் உள்ள போவோவா டி வார்சிம் என்ற மீனவர் ஊரைச் சேர்ந்தவர். கால்களில் சூடு, குளிர், வலி எதுவும் சரியாகத் தெரியவில்லை. கால்களில் பலம் குறைந்துகொண்டே வந்தது. வயிற்றுக் கோளாறும் இருந்தது. அன்ட்ராடே தனக்குத் தெரிந்த நரம்பு நோய்களோடு இவற்றை ஒப்பிட்டுப் பார்த்தார். எதோடும் பொருந்தவில்லை.

அந்தப் பெண் ஒரு செய்தியைச் சொன்னார். தன் ஊர்ப் பக்கத்தில் இது பலருக்கும் வருகிற நோய்தான், அதற்கு ஊரில் ஒரு பெயரே உண்டு என்றார். போர்த்துகீசிய மொழியில் அந்தப் பெயரின் பொருள் "சின்னப் பாதங்களின் நோய்".

நண்பர்களே, இந்த இடத்தில் சற்று நிற்க விரும்புகிறேன். நோயாளிகள் இப்படிப்பட்ட பேச்சை எத்தனை முறை எங்களிடம் சொல்கிறார்கள்! "எங்கள் தாத்தாவுக்கும் இப்படித்தான் இருந்தது", "எங்கள் தெருவில் நாலு பேருக்கு உண்டு" என்பார்கள். நாங்கள் தலையை ஆட்டிவிட்டு மருந்துச் சீட்டை எழுதுகிறோம். வெளியே வரிசை நீண்டிருக்கிறது, நேரம் இல்லை. அன்ட்ராடே அந்தச் சொல்லை வெறும் ஊர்ப்பேச்சு என்று தள்ளவில்லை. ஊரே பெயர் வைத்திருக்கும் ஒரு நோய் எந்த மருத்துவப் புத்தகத்திலும் இல்லை என்றால், குறை ஊரிடம் அல்ல, புத்தகத்திடம்தான் இருக்க வேண்டும் என்று எண்ணியவர்போல நடந்துகொண்டார். அந்த ஊர்க் குடும்பங்களை ஒவ்வொன்றாக விசாரிக்கத் தொடங்கினார்.

பதின்மூன்று ஆண்டுகள்

அந்தக் குடும்பங்களில் அவர் கண்டது துயரமான காட்சி. இருபத்தைந்து, முப்பது வயதில், திருமணமாகிக் குழந்தைகள் பிறந்த பருவத்தில் நோய் தொடங்கும். முதலில் பாதம் மரக்கும். மரப்பு மேலே மேலே ஏறும். பிறகு கைகளுக்கும் வரும். வயிறு ஒரு நாள் கட்டிக்கொள்ளும், மறுநாள் தண்ணீராய்ப் போகும். எழுந்து நின்றால் தலை சுற்றும். உடல் மெலிந்துகொண்டே போகும். ஆண்களுக்கு இல்லற வாழ்வும் பாதிக்கப்படும். அதை வெளியே சொல்லவும் முடியாது. கடைசியில் படுக்கை. நோய் தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் மரணம்.

மீனவர் குடும்பத்தில் தகப்பன் இப்படிப் படுத்தால் என்ன ஆகும் என்பதை நமது கடற்கரை ஊர்களை அறிந்த உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகள் வளர்ந்து சம்பாதிக்கத் தொடங்கும்போது, தகப்பனுக்கு வந்த அதே நோய் அவர்களில் சிலருக்கும் தொடங்கும்.

இறந்தவர்களின் நரம்புகளை நுண்ணோக்கியில் பார்த்தபோது விடை கிடைத்தது. நரம்புகளுக்குள் அமிலாய்டு என்ற பொருள் படிந்திருந்தது. அன்ட்ராடே அவசரப்படவில்லை. எழுபதுக்கு மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி, 1952ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் "பிரெய்ன்" என்ற நரம்பியல் இதழில் வெளியிட்டார். அந்தப் பெண் அவரிடம் வந்து பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. குடும்பங்களில் வரும் அமிலாய்டு நரம்பு நோயை உலகம் அறிந்தது அந்தக் கட்டுரையால்தான்.

அதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. 1960ல் இந்த நோய்க்கென்றே போர்ட்டோவில் ஓர் ஆய்வு மையம் ஏற்பட்டது. நோயாளிகளைப் பார்ப்பதும், குடும்ப வரலாறுகளைப் பதிவுசெய்வதும், இளம் மருத்துவர்களைப் பழக்குவதும் அங்கே நடந்தன. நோயைக் குணமாக்கும் மருந்து ஒன்றும் அப்போது கையில் இல்லை. ஆயினும் குடும்பங்கள் வந்தன. அவர்களைப் பார்த்தார்கள், எழுதிவைத்தார்கள். அந்தப் பதிவேடுகளின் அருமை பின்னால்தான் விளங்கியது.

அமிலாய்டு என்பது என்ன?

1850களில் ஜெர்மானிய மருத்துவர் விர்ச்சோ உறுப்புகளில் படிந்த ஒரு பொருளைக் கண்டு, அதில் அயோடினை விட்டுப் பார்த்தார். மாவுப்பொருளில் அயோடின் பட்டால் நிறம் மாறும் அல்லவா? அதுபோல இதுவும் மாறியது. ஆகவே "மாவு போன்றது" என்ற பொருளில் அமிலாய்டு என்று பெயரிட்டார். சில ஆண்டுகளிலேயே அது மாவு அல்ல, புரதம் என்று தெரிந்துவிட்டது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

நம் உடலில் ஆயிரக்கணக்கான புரதங்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட விதமாக மடிந்திருந்தால்தான் வேலை செய்யும், வேலை முடிந்ததும் கரைந்து போகும். சில புரதங்கள் மடிப்பு தவறிவிடுகின்றன. தவறியவை ஒன்றோடொன்று ஒட்டி மெல்லிய நார்களாகின்றன. அந்த நார்களை உடலால் எளிதில் கரைக்க முடியாது. வாய்க்காலில் வண்டல் சேருவதுபோல அவை உறுப்புகளில் சேருகின்றன. ஒரு நாளில் ஒன்றும் தெரியாது, ஒரு வருடத்திலும் தெரியாது. வண்டல் மேடாகித் தண்ணீர் போகாதபோதுதான் தெரியும். சிறுநீரகத்தில் சேர்ந்தால் கால் வீங்கும், சிறுநீரில் புரதம் போகும். இதயத்தில் சேர்ந்தால் அதன் சுவர் தடித்து விறைக்கும், மூச்சு வாங்கும். நரம்பில் சேர்ந்தால் பாதம் மரக்கும்.

எந்தப் புரதம் தவறுகிறதோ அதைப் பொறுத்து நோயின் வகை மாறும். மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதல் வகை, உடலில் நெடுநாள் அழற்சி இருப்பவர்களுக்கு வருவது. இதற்கும் நமக்கும் நேரடித் தொடர்பு உண்டு. சிகிச்சை பெறாத காசநோய், தொழுநோய், ஆறாத எலும்புப் புண் ஆகியவற்றால் ஆண்டுக்கணக்கில் அவதிப்பட்டவர்களில் சிலர் இறுதியில் சிறுநீரகம் கெட்டு இறந்ததற்கு இதுவே காரணம். ஆகவே காசநோயாளி ஒருவருக்கு மாத்திரைகளை ஒழுங்காக முடிக்க உதவுகிறவர், தமக்குத் தெரியாமலே இந்த நோயையும் தடுக்கிறார்.

இரண்டாம் வகை, எலும்பு மஜ்ஜையில் உள்ள சில அணுக்கள் கட்டுக்கடங்காமல் ஒரே புரதத்தைச் சுரப்பதால் வருவது. அமெரிக்காவில் மேயோ கிளினிக்கின் டாக்டர் ராபர்ட் கைல் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இதற்காகச் செலவிட்டார். 1997ல் அவரும் உடன் பணியாளர்களும் வெளியிட்ட ஆய்வில் 220 நோயாளிகள் பங்கேற்றனர். பழைய மருந்து மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் எட்டரை மாதத்துக்குள் இறந்தார்கள். மெல்ஃபலான் என்ற புற்றுநோய் மருந்தையும் ஸ்டீராய்டையும் பெற்றவர்களில் பாதிப் பேர் பதினெட்டு மாதம் வரை வாழ்ந்தார்கள். பத்து மாதத்துக்கும் குறைவான வித்தியாசம்தானே என்று தோன்றலாம். ஆனால் இந்த நோயை எதிர்த்து ஏதேனும் செய்ய முடியும் என்பதை அந்த மாதங்கள் காட்டின. இன்று இந்த வகைக்கு வலிமையான மருந்துகள் உண்டு. 2021 முதல் டாரட்டுமுமாப் என்ற மருந்தும் தொடக்கத்திலேயே சேர்த்துக் கொடுக்கப்படுகிறது.

மூன்றாம் வகைதான் போவோவா மீனவர்களின் நோய். இனி அதற்கே திரும்புகிறேன்.

கல்லீரலுக்கு வந்த வழக்கு

அன்ட்ராடேயின் கட்டுரை வெளியான பின்பு மற்ற நாடுகளிலும் மருத்துவர்கள் கண்விழித்தார்கள். 1960களில் ஜப்பானின் குமமோட்டோ பகுதியில் இதே நோயுள்ள குடும்பங்கள் கண்டறியப்பட்டன. வட சுவீடனிலும் கண்டார்கள். ஒரே நோய்தான், ஆனால் சுவீடன் மக்களுக்குப் பெரும்பாலும் ஐம்பது வயதுக்கு மேல் தொடங்கியது. போர்த்துகீசியர் குடியேறிய பிரேசிலிலும் இருந்தது.

படியும் புரதம் எது? 1978ல் போர்ச்சுகலின் ஆய்வாளர்கள் அது இரத்தத்தில் இயல்பாகவே உள்ள டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரதத்தோடு தொடர்புடையது என்று காட்டினார்கள். தைராய்டு சுரப்புநீரையும் வைட்டமின் ஏ சத்தையும் சுமந்து செல்லும் சாதுவான புரதம் அது. 1984ல் மரியா ஜோவாவ் சராய்வா என்ற பெண் ஆய்வாளரும் உடன் பணியாளர்களும் போர்த்துகீசிய நோயாளிகளிடம் பிழை எங்கே என்று சுட்டிக் காட்டினார்கள். 127 மணிகள் கோத்த மாலைபோன்ற அந்தப் புரதத்தில் முப்பதாவது மணி மட்டும் மாறியிருக்கிறது. அவ்வளவுதான் பிழை. பெற்றோரில் ஒருவருக்கு அது இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

இந்தப் புரதத்தைப் பெரும்பாலும் உற்பத்தி செய்வது கல்லீரல். அப்படியானால் கல்லீரலை மாற்றினால் என்ன? 1990ல் சுவீடனில் அதைச் செய்தார்கள். புதிய கல்லீரல் பிழையில்லாத புரதத்தைச் சுரந்தது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு முதன்முறையாக இந்த நோயின் ஓட்டத்தைத் தடுக்க ஒரு வழி பிறந்தது. அப்போது அன்ட்ராடேக்கு வயது எண்பத்து நான்கு.

இதில் உங்கள் உள்ளத்தைத் தொடும் ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். இந்த நோயாளியிடமிருந்து எடுக்கப்படும் கல்லீரல், அந்த ஒரு புரதத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் நல்ல கல்லீரல். அதன் பிழையால் நோய் வர இருபது முப்பது ஆண்டுகள் ஆகும். ஆகவே 1995ல் போர்ச்சுகலின் கோயிம்ப்ரா நகரில் அந்தக் கல்லீரலைத் தூக்கி எறியாமல், கல்லீரல் கெட்டுச் சாகும் நிலையில் இருந்த மற்றொருவருக்குப் பொருத்தினார்கள். யாரோ ஒருவர் இறந்தபோது கொடுத்த ஈரல் அமிலாய்டு நோயாளியைக் காத்தது. அந்த நோயாளி கொடுத்த ஈரல் மூன்றாமவரைக் காத்தது. தானம் பெற்றவரே அதே நாளில் தானம் கொடுத்தவருமானார். பிற்காலத்தில், இப்படிப் பெற்றவர்களில் சிலருக்கு எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமாகவே நரம்பு நோய் வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். என்றாலும் அவர்களுக்கு அந்த ஆண்டுகள் கிடைத்தன.

மாற்று அறுவையும் முழு நிவாரணம் அல்ல. அது நோய் முற்றாதவர்களுக்கே பலன் தரும். இழந்த நரம்பு திரும்பாது. கண்ணும் தனக்கென்று கொஞ்சம் அந்தப் புரதத்தைச் சுரப்பதால் கண்ணில் படிவது நிற்காது. வேறு வழி தேடவேண்டியிருந்தது.

நோய் வராத உறவினர்கள்

மருந்துக்கான வழியைக் காட்டியதும் அந்தக் குடும்பங்கள்தான். ஆண்டுக்கணக்கில் வைத்திருந்த குடும்பப் பதிவுகளை ஆராய்ந்தபோது ஒரு விந்தை தெரிந்தது. சிலரிடம் அந்தப் பிழை இருக்கிறது, ஆனால் நோய் வரவில்லை. வந்தாலும் இலேசாக வந்தது. ஏன்? தாய் தகப்பன் இருவரில் ஒருவர் வழியாக நோயின் பிழையைப் பெற்ற அவர்கள், மற்றவர் வழியாக வேறொரு மாற்றத்தைப் பெற்றிருந்தார்கள். அந்த இரண்டாவது மாற்றம் பாதுகாப்பாக அமைந்துவிட்டது. போர்ட்டோவில் டாக்டர் தெரேசா கொயேலோவும் மற்றவர்களும் 1990களில் இதை எடுத்துக் காட்டினார்கள்.

டிரான்ஸ்தைரெட்டின் நான்கு துண்டுகள் சேர்ந்த ஒரு கட்டு. நான்கும் பிரிந்தால்தான் மடிப்பு தவறி நாராகும். அந்தப் பாதுகாப்பு மாற்றம் நான்கையும் இறுகக் கட்டி வைத்திருந்தது. அமெரிக்க வேதியியலாளர் ஜெஃப்ரி கெல்லி இதைப் புரிந்துகொண்டு, சிலருக்குப் பிறப்பிலேயே கிடைத்த பாதுகாப்பை ஒரு மாத்திரையால் எல்லாருக்கும் கொடுக்க முடியுமா என்று தேடினார். அப்படி வந்ததுதான் டஃபாமிடிஸ் என்ற மருந்து. அதன் நரம்பு நோய் ஆய்வை டாக்டர் கொயேலோ முன்னின்று நடத்தினார். 2011ல் ஐரோப்பாவில் அதற்கு அனுமதி கிடைத்தது. இதயத்தில் இந்தப் புரதம் படிந்த 441 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்வின் முடிவு 2018ல் வந்தது. முப்பது மாதங்களில், வெறும் மாத்திரை பெற்றவர்களில் நூற்றுக்கு 43 பேர் இறந்திருந்தனர். மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 30 பேர் இறந்தனர்.

அதே 2018ல் வேறு வகை மருந்தும் வந்தது. புரதத்தை இறுக்கிக் கட்டுவதற்குப் பதிலாக, அதைச் செய்யும்படி கல்லீரலுக்குப் போகும் கட்டளையையே வழியில் மறிக்கும் ஊசி மருந்து அது. அதைப் பெற்ற நோயாளிகளில் சிலருக்கு நரம்பு நோய் நின்றதோடு, நிலைமை சற்று முன்னேறவும் செய்தது.

விலையைக் கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். டஃபாமிடிஸ் 2019ல் அமெரிக்காவில் இதய நோய்க்காக விற்பனைக்கு வந்தபோது, ஓர் ஆளுக்கு ஓர் ஆண்டுக்கான பட்டியல் விலை 2,25,000 டாலர். இந்த எண்ணைச் சொல்லும்போது எனக்கு நா கூசுகிறது. ஒரு மீனவனின் மகன் இதை எங்கே போய் வாங்குவான்?

ஆனால் மற்றொரு செய்தியும் உண்டு. டிஃப்ளூனிசால் என்று ஒரு பழைய வலி மாத்திரை இருக்கிறது. மூட்டு வலிக்குக் கொடுத்து வந்தது, விலை குறைந்தது. அதுவும் இந்தப் புரதத்தைக் கட்டி வைக்கும் என்று கண்டார்கள். பாஸ்டனில் டாக்டர் ஜான் பெர்க் தலைமையில் பல நாடுகளின் நோயாளிகள் 130 பேரிடம் இரண்டு ஆண்டுகள் சோதித்தார்கள். 2013ல் வெளியான முடிவு, நரம்பு நோய் முற்றும் வேகத்தை அது குறைத்தது என்று காட்டியது. வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் அது தொல்லை தரக்கூடும். எல்லாருக்கும் ஏற்றதல்ல, மருத்துவர் கண்காணிப்பில்லாமல் எடுக்கக் கூடாது. ஆயினும் ஏழைக்கும் ஏதேனும் உண்டா என்று தேடியவர்கள் இருந்தார்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

நான் தவறவிட்ட ஒருவர்

இனி என்னைப் பற்றிய ஒரு காரியம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும்.

என் பணியின் ஆரம்ப ஆண்டுகளில் ஒரு பெரியவர் என்னிடம் வருவார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது என்பார். எக்கோ எடுத்தால் இதயச் சுவர் தடித்திருந்தது. இரத்தக் கொதிப்பால் தடித்தது என்று முடிவு செய்தேன். கொதிப்பு மாத்திரை கொடுத்தேன். அதைச் சாப்பிட்டால் தலை சுற்றுகிறது ஐயா, விழப் பார்க்கிறேன் என்றார். மாத்திரையை மாற்றினேன். ஒருமுறை, தம் இரண்டு கைகளையும் நீட்டி, சில ஆண்டுகளுக்கு முன் இரண்டு மணிக்கட்டிலும் மரப்புக்காக அறுவை செய்த தழும்பைக் காட்டினார். "இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்குமோ?" என்று கேட்டார். இருக்காது என்று சொல்லிச் சிரித்தேன்.

ஒரு வருடத்துக்குப் பின் அவர் இறந்துபோனார். வெகு நாள் கழித்து, அமிலாய்டோசிஸைப் பற்றிப் படித்தபோது அந்தத் தழும்புகள் என் கண்முன் வந்தன. வயது முதிர்ந்தவர்களுக்கு, பரம்பரைப் பிழை ஏதும் இல்லாமலே, இதே டிரான்ஸ்தைரெட்டின் இதயத்தில் படிவதுண்டு. இதயம் கெடுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இரு மணிக்கட்டிலும் நரம்பு நெரிபடுவது அதன் முன்னறிவிப்புகளில் ஒன்று. அவருக்கு அதுதான் இருந்தது என்று இன்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அவர் சரியான கேள்வியைக் கேட்டார். கேட்கவேண்டிய நான் கேட்கவில்லை. அந்நாளில் எங்களிடம் மருந்து இல்லை என்பது உண்மை. அவருக்கு ஒத்துக்கொள்ளாத மாத்திரைகளையாவது நிறுத்தியிருக்கலாம். அவர் குடும்பத்தாருக்கு உண்மையையாவது சொல்லியிருக்கலாம்.

அன்ட்ராடேக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் அறிவில் மட்டும் இல்லை. இருவருக்கும் நோயாளி தாமே வழியைச் சொன்னார். அவர் கேட்டார்.

அமிலாய்டைக் கண்டறியப் பெரிய இயந்திரம் எப்போதும் வேண்டியதில்லை. வயிற்றுத் தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பை ஊசியால் சிறிது எடுத்து, காங்கோ ரெட் என்ற சாயம் ஏற்றி, அதற்கென்ற கண்ணாடி பொருத்திய நுண்ணோக்கியில் பார்த்தால், அமிலாய்டு இருக்கும் இடம் ஆப்பிள் பச்சை நிறமாக ஒளிரும். அந்தச் சாயம் 1920களிலிருந்தே கையில் இருக்கிறது. இதயத்துக்கு, எலும்பு ஸ்கேன் எடுக்கும் அதே முறையே உதவுகிறது என்று 2016ல் உறுதியானது. அதோடு இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்து மஜ்ஜை வகை இல்லை என்று தெளிந்துகொள்ள வேண்டும். கருவி இருக்கிறது. இது அமிலாய்டாக இருக்குமோ என்ற சந்தேகம் ஒருவருக்கு எழ வேண்டும். அது எழாததால்தான் நோயாளிகள் டாக்டர் மாற்றி டாக்டரிடம் அலைந்து ஆண்டுகளை இழக்கிறார்கள். படிந்ததை எடுக்க இன்னும் நல்ல வழி இல்லை. மேலும் படியாமல் தடுக்கத்தான் இன்றைய மருந்துகள். ஆகவே தாமதத்தின் விலை மிகப் பெரியது.

உங்கள் வீட்டிலோ சபையிலோ எவருக்காவது சர்க்கரை நோய் இல்லாமலே இரு பாதமும் மரத்து, அது மேலே ஏறி, உடலும் மெலிந்தால், இரு மணிக்கட்டிலும் அறுவை செய்தவருக்குப் பின்னாளில் மூச்சு வாங்கினால், சிறுநீரில் காரணம் தெரியாமல் நுரையும் காலில் வீக்கமும் கண்டால், "இது அமிலாய்டாக இருக்குமா?" என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். பெரும்பாலும் வேறு காரணமாகத்தான் இருக்கும். கேட்பதில் நஷ்டமில்லை.

தெரிந்துகொள்வதா, வேண்டாமா?

முடிக்குமுன் ஒன்று. போவோவாவில் இருபது வயது இளைஞன் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். தகப்பன் இந்த நோயால் இறந்தவர். பிழை தன்னிடம் உண்டா என்று ஓர் இரத்தச் சோதனை சொல்லிவிடும். அவன் அதைச் செய்துகொள்ள வேண்டுமா?

மருந்தில்லாத காலத்தில் இது பயங்கரமான கேள்வி. தெரிந்து என்ன செய்வது? திருமணம் செய்யலாமா? பிள்ளை பெறலாமா? சிலர் தெரிந்துகொள்ள விரும்பினார்கள், சிலர் விரும்பவில்லை. இரண்டையும் மதிக்க வேண்டும். ஆனால் இன்று அந்தக் கேள்வி மாறிவிட்டது. தெரிந்தவன் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போகலாம். பாதம் முதன்முதல் மரக்கும்போதே மருந்தைத் தொடங்கலாம். அவன் தகப்பன் படுக்கையில் விழுந்த வயதில் இவன் கடலுக்குப் போய்வரலாம். ஒரு காலத்தில் தீர்ப்பாக இருந்த அதே செய்தி, இப்போது எச்சரிக்கையாக மாறியிருக்கிறது. இதைவிடப் பெரிய மாற்றம் ஒரு குடும்பத்துக்கு வேறென்ன?

கொரினோ டி அன்ட்ராடே 2005ஆம் ஆண்டில், தொண்ணூற்று ஒன்பது வயதில் போர்ட்டோவில் காலமானார். கல்லீரல் மாற்றைக் கண்டார். மாத்திரையைக் காணவில்லை, அது ஆறு ஆண்டுகள் கழித்து வந்தது. அந்த முதல் பெண்மணியோ எதையும் காணவில்லை. அவர் தந்தது ஒரு சொல்தான். அந்தச் சொல்லுக்குப் பின்னால், இரத்தம் கொடுத்த குடும்பங்கள், இறந்தபின் உடலைச் சோதிக்கச் சம்மதித்தவர்கள், ஈரல் கொடுத்தவர்கள், ஆய்வில் வெறும் மாத்திரை கிடைத்தாலும் பரவாயில்லை என்று சேர்ந்தவர்கள் என்று பலர் வரிசையாக நிற்கிறார்கள். அவர்களில் அநேகர் பலனைக் காணாமலே கொடுத்தவர்கள். கொடுத்துப் பழகிய உங்களுக்கு அவர்களைப் புரியும் என்று நம்புகிறேன்.

அடுத்த முறை எங்களைப் போன்ற டாக்டர் ஒருவரிடம் போகும்போது, அவர் அவசரத்தில் இருந்தாலும், சொல்ல நினைத்ததைச் சொல்லிவிட்டே எழுந்து வாருங்கள். கேட்பது எங்கள் கடமை.